திரக்மா முதல் யூரோ வரை

எங்கள் உம்மம்மாவின் அலுமாரியில், பழைய சேலைகளுக்கு அடியில், ஒரு கடித உறை இருந்தது. அதற்குள் ஊதா நிறமான ஒரு வெளிநாட்டுத் தாள். கப்பலில் வேலை செய்த பெரிய மாமா 1999 ஆம் ஆண்டு கிரேக்கத் துறைமுகமொன்றிலிருந்து கொண்டு வந்து தன் தாயின் கையில் கொடுத்த தாள் அது. அதில் 10,000 என்று எழுதியிருந்தது. "மகள், இது பத்தாயிரம். உன்ட படிப்புக்கு வெச்சிரிக்கன்" என்று உம்மம்மா அடிக்கடி சொல்வார்.

நான் உயர்தர வர்த்தகப் பிரிவில் சேர்ந்தபோது அந்த உறை என் கைக்கு வந்தது. வாப்பாவுடன் நாணயமாற்று நிலையமொன்றுக்குப் போனேன். அங்கிருந்தவர் தாளை இரு பக்கமும் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இந்தக் காசு இப்ப உலகத்தில இல்ல" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

காசு எப்படி இல்லாமற் போகும்? கிழியவில்லை, நனையவில்லை, கள்ளத் தாளும் அல்ல. அப்படியிருந்தும் அது வெறும் காகிதமாகிவிட்டது. அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

ஒரு கைப்பிடியில் பிறந்த பெயர்

அந்தத் தாளின் பெயர் திரக்மா. கிரேக்க மொழியில் அதன் வேர்ச்சொல்லுக்குக் "கையால் பற்றுதல்" என்று பொருள். நாணயக் குற்றிகள் தோன்றுவதற்கு முன் கிரேக்கர்கள் இரும்புக் கம்பிகளைப் பண்டமாற்றுக்குப் பயன்படுத்தினர். ஒரு கையில் பிடிக்கக்கூடிய ஆறு கம்பிகள் ஒரு திரக்மா எனப்பட்டது. பின்னர் வெள்ளி நாணயங்கள் வந்தபோதும் அந்தப் பெயரே நிலைத்தது.

பண்டைய ஏதென்ஸ் நகரம் தனது லாவ்ரியன் சுரங்கங்களிலிருந்து வெட்டிய வெள்ளியைக் கொண்டு நான்கு திரக்மா நாணயத்தை வெளியிட்டது. அதன் ஒரு பக்கத்தில் அந்நகரத்தார் வழிபட்ட அதீனா தெய்வத்தின் தலையும், மறுபக்கத்தில் ஆந்தையும் ஒலிவ் கிளையும் இருந்தன. அதன் எடையையும் தூய்மையையும் வணிகர்கள் நம்பியதால் மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த நாடுகள் எங்கும் அது செல்லுபடியானது. பேரரசர் அலெக்சாந்தரின் காலத்தில் கிழக்கு நாடுகளுக்கும் பரவியது.

இந்த இடத்தில் எமக்கு நெருக்கமான ஒரு செய்தி உண்டு. திரக்மா என்ற சொல் பாரசீகத்துக்குச் சென்று "திரஹ்ம்" ஆகி, அரபு மொழியில் "திர்ஹம்" ஆனது. ரோமானியரின் தெனாரியஸ் "தீனார்" ஆனதும் இவ்வாறே. யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்லும் அல்குர்ஆன் அத்தியாயத்தில் திர்ஹம் என்ற சொல் பன்மை வடிவில் வருகிறது. ஆரம்ப கால முஸ்லிம்கள் பாரசீக வெள்ளிக் காசையும் பைசாந்தியத் தங்கக் காசையுமே புழங்கினர். உமையா கலீபா அப்துல் மலிக் பின் மர்வான் அவர்கள் ஹிஜ்ரி 77 இல் தங்க தீனாரையும், ஹிஜ்ரி 79 இல் வெள்ளி திர்ஹத்தையும் உருவங்களின்றி எழுத்துகளை மட்டும் பொறித்துப் புதிதாக வெளியிட்டார்கள். இன்றும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் மொரோக்கோவிலும் வழங்கும் நாணயம் திர்ஹம்தான். துபாயில் உழைக்கும் எம் தந்தையரும் சகோதரர்களும் மாதாமாதம் அனுப்பும் பணத்தின் பெயர் கிரேக்கத்தின் அந்த இரும்புக் கம்பிகளிலிருந்து தொடங்கிய பெயர் என்பது வியப்பல்லவா?

புதிய நாடு, பழைய பெயர்

உஸ்மானியப் பேரரசின் ஆட்சியிலிருந்து பிரிந்து சுதந்திர நாடான கிரேக்கம் முதலில் பீனிக்ஸ் என்ற நாணயத்தை வெளியிட்டது. அது நிலைக்கவில்லை. 1832 ஆம் ஆண்டு பண்டைய பெயரான திரக்மாவே மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு திரக்மாவுக்கு நூறு லெப்தா. எமது ரூபாவும் சதமும் போல.

பொது நாணயம் என்ற எண்ணம் ஐரோப்பாவுக்குப் புதியதல்ல. 1865 இல் பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி, சுவிற்சர்லாந்து ஆகிய நான்கு நாடுகள் இலத்தீன் நாணய ஒன்றியத்தை அமைத்தன. ஒவ்வொரு நாடும் தன் பெயரிலேயே காசு அடிக்கும். ஆனால் எடையும் உலோகத் தூய்மையும் ஒன்றாக இருக்கும் என்பது உடன்பாடு. 1868 இல் கிரேக்கமும் அதில் இணைந்தது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் இடையிலான விலை மாறிக்கொண்டே இருந்ததாலும், முதலாம் உலகப் போரின் செலவுகளாலும் அந்த ஒன்றியம் தளர்ந்து 1927 இல் முடிவுக்கு வந்தது. நாணயத்தை ஒன்றாக்கிவிட்டு அரசுகளின் செலவை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது முதற் பாடம். அந்தப் பாடத்தைக் கிரேக்கம் பின்னர் இன்னுமொரு முறை படிக்க வேண்டியிருந்தது.

கத்தரிக்கோலும் பூச்சியங்களும்

திரக்மாவின் வரலாற்றில் இரண்டு நிகழ்ச்சிகளை மறக்க முடியாது.

முதலாவது 1922 இல் நடந்தது. சின்னாசியாவில் போர் நடத்திக்கொண்டிருந்த அரசிடம் பணம் இல்லை. நிதியமைச்சர் புரொட்டோபபடாக்கிஸ் ஒரு விசித்திரமான வழியைக் கண்டார். மக்கள் தம்மிடமுள்ள தாள்களை இரண்டாக வெட்ட வேண்டும். இடப்பக்கப் பாதி, எழுதிய தொகையின் அரைவாசிப் பெறுமதியுடன் காசாகத் தொடர்ந்து புழங்கும். வலப்பக்கப் பாதியை அரசுக்குக் கொடுத்துக் கடன்பத்திரம் பெற்றுக்கொள்ள வேண்டும். அதாவது நாட்டு மக்கள் எல்லோரிடமிருந்தும் ஒரே நாளில் கட்டாயக் கடன் வாங்கப்பட்டது. ஒரு தாயின் முந்தானையில் முடிந்திருந்த நூறு திரக்மா, காலையில் எழும்பும்போது ஐம்பதாகிவிட்டது.

இரண்டாவது இதைவிடக் கொடியது. இரண்டாம் உலகப் போரில் 1941 முதல் 1944 வரை கிரேக்கம் அந்நியப் படைகளின் பிடியில் இருந்தது. முதல் மாரிகாலத்திலேயே பஞ்சம் வந்து பல்லாயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆக்கிரமிப்புச் செலவை ஈடுசெய்யப் பணம் அச்சிடப்பட்டுக்கொண்டே இருந்தது. பொருள் குறைய, தாள் பெருக, விலை வானத்தை எட்டியது. 1944 இன் இறுதியில் 100 பில்லியன் திரக்மா என்று அச்சிடப்பட்ட ஒரே தாள் வெளிவந்தது. ஒன்றுக்குப் பின்னால் பதினொரு பூச்சியங்கள்! அவ்வாண்டு நவம்பரில் புதிய திரக்மா வந்தபோது, 50 பில்லியன் பழைய திரக்மாவுக்கு ஒரேயொரு புதிய திரக்மா கொடுக்கப்பட்டது. அந்தத் திரக்மாவும் தேய்ந்து, 1954 இல் மேலும் மூன்று பூச்சியங்கள் வெட்டப்பட்டன. அதன் பின்னர் ஒரு டொலருக்கு 30 திரக்மா என்ற வீதம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அசையாமல் நின்றது.

பணத்தின் தொழில்கள் நான்கு என்று எங்கள் பாடநூலில் படிக்கிறோம்: பரிமாற்ற ஊடகம், பெறுமதியின் அளவுகோல், பெறுமதியைச் சேமிக்கும் கருவி, பிற்போடப்பட்ட கொடுப்பனவுகளுக்கான நியமம். பரீட்சைக்கு மனனம் செய்யும் இந்த நான்கு வரிகளில் மூன்றாவது வரி உடைந்தால் ஒரு குடும்பம் எப்படி உடையும் என்பதைக் கிரேக்கரின் இந்த அனுபவம் காட்டுகிறது. வாழ்நாள் முழுவதும் சேமித்தவரும் சேமிக்காதவரும் ஒரே நாளில் சமமாகிவிட்டனர்.

பன்னிரண்டாவது நாடு

1992 பெப்ரவரியில் மாஸ்ட்ரிக்ட் நகரில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை ஐரோப்பாவின் பொது நாணயத்துக்கு வழி வகுத்தது. சேர விரும்பும் நாடு சில நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும். வரவு செலவுத் திட்டப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 வீதத்தைத் தாண்டக்கூடாது. அரச கடன் 60 வீதத்துக்குள் இருக்க வேண்டும், அல்லது அதை நோக்கிக் குறைந்துகொண்டு வரவேண்டும். பணவீக்கமும் வட்டி வீதமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

1999 ஜனவரி 01 ஆம் திகதி 11 நாடுகள் யூரோவைத் தொடங்கின. நிபந்தனைகளை எட்டாததால் கிரேக்கம் வெளியே நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2001 ஜனவரி 01 இல், பன்னிரண்டாவது நாடாக உள்ளே வந்தது. 340.750 திரக்மாவுக்கு ஒரு யூரோ என்று மாற்று வீதம் நிரந்தரமாக நிர்ணயிக்கப்பட்டது. 2002 ஜனவரி 01 இல் யூரோத் தாள்களும் குற்றிகளும் மக்களின் கைக்கு வந்தன. பெப்ரவரி இறுதி வரை இரண்டும் சேர்ந்து புழங்கின. அதன் பின் கடைகளில் திரக்மா செல்லாது.

அந்த நாட்களைக் கற்பனை செய்து பாருங்கள். முதல்நாள் வரை ஒரு கையில் அள்ளிய நூறு திரக்மாக் குற்றி இப்போது 29 சதம். ஆயிரம் திரக்மாத் தாள் 2 யூரோ 93 சதம். ஒவ்வொரு முறை பாண் வாங்கும்போதும் 340.75 ஆல் வகுத்துப் பார்க்க யாரால் முடியும்? சின்னச் சின்னப் பொருட்களின் விலைகளைக் கடைக்காரர்கள் மேல்நோக்கி முழுமையாக்கிவிட்டார்கள் என்று பலர் குறைபட்டார்கள். ஒரு யூரோக் குற்றியைப் பழைய நூறு திரக்மாக் குற்றி போல எண்ணிச் செலவழித்தவர்களும் உண்டு. ஆனால் அதன் பெறுமதியோ மூன்று மடங்கிலும் அதிகம்.

பழையதைப் பிரியும் மனவருத்தத்தைத் தணிக்கவும் வழி செய்யப்பட்டது. யூரோக் குற்றியின் ஒரு பக்கம் எல்லா நாடுகளுக்கும் பொது. மறுபக்கத்தை அந்தந்த நாடே தெரிவு செய்யலாம். கிரேக்கம் தனது ஒரு யூரோக் குற்றியில் பண்டைய ஏதென்ஸ் நாணயத்தின் ஆந்தையையே பொறித்தது. சதங்களுக்கு லெப்தா என்ற பழைய பெயரையே எழுதியது. தாள்களில் மட்டும் எந்த நாட்டின் உண்மையான கட்டடமும் இல்லை. அவற்றிலுள்ள வாயில்களும் பாலங்களும் கற்பனையானவை. ஒரு நாட்டின் மாளிகையைப் போட்டால் மற்ற நாடு கேள்வி கேட்கும் அல்லவா!

கிடைத்ததும் கொடுத்ததும்

பொது நாணயத்தால் கிரேக்கத்துக்குக் கிடைத்த நன்மைகள் குறைவல்ல. 1990 இல் அங்கு பணவீக்கம் 20 வீதமளவில் இருந்தது. யூரோவை நெருங்க நெருங்க அது தணிந்தது. நாணயமாற்றுச் செலவு இல்லாததால் வணிகமும் சுற்றுலாவும் இலகுவாயின. ஜேர்மனி கடன் வாங்கும் வட்டிக்கு ஏறத்தாழ நெருங்கிய வட்டியில் கிரேக்கமும் கடன் வாங்க முடிந்தது.

கொடுத்தது என்ன? மூன்று உரிமைகள். பணம் அச்சிடும் உரிமை, தன் தேவைக்கேற்ப வட்டி வீதத்தை மாற்றும் உரிமை, நாணயத்தின் பெறுமதியை இறக்கும் உரிமை. இவை ஐரோப்பிய மத்திய வங்கியிடம் போய்விட்டன. வீட்டின் சமையலறையைப் பத்துக் குடும்பங்கள் பகிர்ந்துகொண்டால் எரிவாயுச் செலவு குறையும். ஆனால் உப்பை நினைத்தபடி போட முடியாது.

மலிவாகக் கிடைத்த கடனைக் கிரேக்க அரசு அளவுக்கு மீறி வாங்கியது. கணக்குகளும் நேராக இருக்கவில்லை. யூரோவில் சேர்ந்த காலத்துப் பற்றாக்குறை 3 வீதத்துக்கு மேல் இருந்தது என்பது 2004 இல் வெளியானது. 2009 ஒக்டோபரில் பதவியேற்ற புதிய அரசு, அவ்வாண்டின் பற்றாக்குறை முன்பு சொல்லப்பட்டதைவிடப் பன்மடங்கு அதிகம் என அறிவித்தது. இறுதிக் கணக்கில் அது 15 வீதத்தைத் தாண்டியது. கடன் கொடுத்தவர்கள் பயந்தார்கள். வட்டி ஏறியது. 2010 மே மாதம் 110 பில்லியன் யூரோ உதவிக் கடன் வந்தது. அதனுடன் கடும் நிபந்தனைகளும் வந்தன.

சொந்த நாணயம் உள்ள நாடு இத்தகைய நேரத்தில் என்ன செய்யும்? இதற்கு நாம் வேறெங்கும் போகத் தேவையில்லை. 2022 இல் எமது ரூபாவின் பெறுமதி டொலருக்கு 200 அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ஐத் தாண்டி விழுந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. எங்கள் பெற்றோரின் சம்பளம் எண்ணிக்கையில் குறையவில்லை. அதைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள் குறைந்தது. கிரேக்கத்தில் நாணயம் விழ வழியில்லை. ஆகவே சம்பளமே வெட்டப்பட்டது, ஓய்வூதியம் வெட்டப்பட்டது, வரி கூட்டப்பட்டது. 2013 இல் வேலை செய்யக்கூடிய நான்கு பேரில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. இளைஞர்களில் பாதிப் பேருக்கு மேல் வேலையில்லை. நாட்டின் உற்பத்தி கால் பங்களவில் சுருங்கியது. இரண்டு வழிகளிலும் சாதாரண குடும்பம்தான் விலை கொடுத்தது. வலி வந்த வாசல் மட்டுமே வேறு.

திரும்பிப் போகலாமா?

2015 ஜூன் இறுதியில் கிரேக்க வங்கிகள் மூடப்பட்டன. பணம் எடுக்கும் இயந்திரத்தில் ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்று கட்டளை வந்தது. ஓய்வூதியம் பெறும் முதியவர்கள் வங்கி வாசல்களில் வரிசையில் நின்றார்கள். ஜூலை 05 இல் நடந்த மக்கள் தீர்ப்பில், கடன் கொடுத்தோரின் நிபந்தனைகளை 61 வீதத்துக்கு அதிகமானோர் நிராகரித்தனர். "பழைய திரக்மாவுக்கே போய்விடுவோம்" என்ற குரலும் கேட்டது.

ஆயினும் யூரோவை விடக்கூடாது என்பதே பெரும்பான்மைக் கிரேக்கரின் விருப்பமாக இருந்தது. காரணம் தெளிவானது. நாட்டின் கடன் யூரோவில் இருந்தது. புதிய திரக்மா அச்சிட்டால் அதன் பெறுமதி உடனே சரியும். யூரோக் கடன் திரக்மாவில் இன்னும் பெருகும். இறக்குமதியாகும் எரிபொருளும் மருந்தும் எட்டாத விலைக்குப் போகும். வங்கியிலுள்ள சேமிப்பு ஒரே இரவில் தேயும். 1944 ஐ நினைவில் வைத்திருந்த பாட்டிமார் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். சில நாட்களுக்குள் அரசு மூன்றாவது கடன் உடன்பாட்டுக்கு இணங்கியது. 2018 ஓகஸ்டில் அந்த உதவித் திட்டம் முடிவுற்றது. யூரோ தொடர்ந்தது. 2023 ஜனவரியில் குரோஷியா தன் குனாவைக் கைவிட்டு இருபதாவது நாடாக யூரோவில் இணைந்தது.

உறைக்குள் இருந்த தாள்

இனி உம்மம்மாவின் தாளுக்கு வருவோம். பழைய குற்றிகளை மாற்ற 2004 மார்ச் 01 வரையும், தாள்களை மாற்ற 2012 மார்ச் 01 வரையும் கிரேக்க வங்கி கால அவகாசம் கொடுத்திருந்தது. பத்து ஆண்டுகள்! அதற்குள் மாற்றியிருந்தால் 10,000 திரக்மாவுக்கு 29 யூரோ 35 சதம் கிடைத்திருக்கும். அன்றைய வீதத்தில் அது ஐயாயிரம் ரூபாவை அண்மித்த தொகை. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை. மாமாவும் அதற்கு முன்பே கப்பலை விட்டுவிட்டார்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டில் உழைத்தவர் உள்ள வீடுகளில் இப்படியான தாள்கள் இன்னும் இருக்கலாம். அவற்றை எடுத்துப் பாருங்கள். எல்லாமே செத்த காசு அல்ல. ஜேர்மனி, அயர்லாந்து, ஒஸ்திரியா ஆகிய நாடுகளின் மத்திய வங்கிகள் தமது பழைய தாள்களைக் கால எல்லையின்றி மாற்றிக் கொடுக்கின்றன. நெதர்லாந்தின் பழைய தாள்களுக்கு 2032 ஜனவரி 01 வரை அவகாசம் உண்டு. இத்தாலி, பிரான்ஸ், கிரேக்கம் ஆகியவற்றின் காலம் முடிந்துவிட்டது. இன்று வைத்திருக்கும் வெளிநாட்டுத் தாள்களையும் வருடக்கணக்கில் சேலைக்கடியில் வைக்காதீர்கள். தாளில் எழுதியிருப்பது தொகை மட்டுமல்ல, ஒரு வாக்குறுதியும்கூட. வாக்குறுதிக்கு உரியவர் அதைத் திரும்பப் பெறும் நாளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

அந்தத் தாளில் இருக்கும் முகம் யாருடையது என்றும் தேடினேன். அவர் ஜோர்ஜியோஸ் பபனிகொலாவு என்ற கிரேக்க மருத்துவர். கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை முற்கூட்டியே கண்டறியும் பரிசோதனையை உருவாக்கியவர். எமது தாய்மார் சுகாதார நிலையங்களில் செய்துகொள்ளும் "பப்" பரிசோதனைக்கு அவருடைய பெயரின் முதல் எழுத்துகளே பெயராகியுள்ளன.

இதையெல்லாம் நான் உம்மம்மாவிடம் சொன்னேன். காசு செல்லாது என்றபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், "அப்ப இந்த மனிசன் கண்டுபிடிச்சது இன்னும் செல்லுபடிதானே?" என்று கேட்டார்.

"ஓம் உம்மம்மா" என்றேன்.

"அப்ப நீ அதையே வெச்சிக்க" என்று உறையை மீண்டும் என் கையில் தந்தார். அது இப்போது என் பொருளியல் புத்தகத்துக்குள், பணத்தின் தொழில்கள் பற்றிய பக்கத்தில் இருக்கிறது.